எரிந்த பாலைவனப் புதர் செத்துவிட்டதா, உயிர் இருக்கிறதா?

அமெரிக்காவின் தென்மேற்கில் இருக்கும் மொஹாவி பாலைவனத்தில் தீ ஓடிய ஒரு சரிவை எட்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். சில புதர்களின் அடியில் பச்சை எட்டிப் பார்க்கிறது, பத்தடி தள்ளி அதே மாதிரி எரிந்த இன்னொன்று கரிக்குச்சியாக நிற்கிறது. "பாலைவனச் செடி எதையும் தாங்கும் என்கிறார்களே, இது தானாகச் சரியாகிவிடுமா, நாம் ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு தனிச் செடி பிழைக்குமா என்பது ஒன்று, அந்தச் சரிவு மறுபடி பழைய புதர்க்காடாக ஆகுமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்லலாம். இரண்டாவது அந்தப் புதர்களுக்கு நடுவில் அடுத்த வருடம் என்ன முளைக்கிறது என்பதைப் பொறுத்தது, என் கவலையெல்லாம் அங்கேதான்.

நான் படித்தது தாவரச் சூழலியல். மொஹாவியிலும் சொனோரா பாலைவனத்தின் ஓரங்களிலும் எரிந்த நிலத்தில் கயிறு கட்டிக் கட்டம் பிரித்து, ஒவ்வொரு செடிக்கும் எண் தகடு மாட்டி, வருடா வருடம் போய் எது துளிர்த்தது, எது செத்தது என்று குறித்து வைப்பதுதான் பல வருடமாக என் வேலை. அதனால் இந்த இரண்டு பாலைவனங்களைப் பற்றிச் சொல்வதை நேரில் பார்த்த தைரியத்தோடு சொல்கிறேன். நடுவில் ஆஸ்திரேலியாவைப் பற்றி ஒரு பத்தி வரும், அது படித்துத் தெரிந்துகொண்டது.

முதலில் அந்த "எதையும் தாங்கும்" என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். வறட்சியைத் தாங்குவது வேறு, தீயைத் தாங்குவது வேறு. மொஹாவியின் தாழ்வான சமவெளிகளில் காலங்காலமாகத் தீ அபூர்வம். மின்னல் விழும், ஒரு புதர் எரியும், அதோடு அணைந்துவிடும். காரணம், புதருக்கும் புதருக்கும் நடுவில் வெறும் மண்தான் இருந்தது, நெருப்பு தாவிப் போக வழியே கிடையாது. அடிக்கடி தீயைச் சந்தித்த செடிகள்தான் தலைமுறை தலைமுறையாக அதற்கு ஏற்ற உடலமைப்பைப் பெறும். கலிபோர்னியாவின் கடலோரக் குன்றுகளில் இருக்கும் புதர்களில் அப்படிப் பல உண்டு. பாலைவனப் புதர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவை தீயில் பிழைத்தால், வறட்சிக்காகவும் வெள்ளத்துக்காகவும் விலங்குகள் மேய்வதைச் சமாளிக்கவும் ஏற்கெனவே வைத்திருந்த ஏற்பாடு இங்கேயும் உதவியது என்றுதான் அர்த்தம்.

அந்த ஏற்பாடு எங்கே இருக்கிறது என்றால், தூரில். தண்டும் வேரும் சேரும் அந்தத் தடித்த பகுதியில் உறங்கும் மொட்டுகள் இருக்கும். மேலே எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை அவை எழுந்திருக்காது, மேற்பகுதி அழிந்தால் எழும். உயிருள்ள திசுவுக்குச் சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிட அளவுக்குப் பட்டாலே போதும், செத்துவிடும். ஆனால் மண் சூட்டைக் கடத்துவதில் படு மந்தம். மேலே சில நூறு டிகிரியில் எரிந்துகொண்டிருந்தாலும், சில சென்டிமீட்டர் கீழே இருக்கும் மொட்டுக்கு அது பெரிதாகத் தெரியாமலே தீ கடந்து போய்விடும். ஆகவே ஒரு புதரின் தலைவிதி அதன் உயரத்தாலோ முள்ளாலோ முடிவாவதில்லை, மொட்டுகள் மண்ணுக்கு எவ்வளவு கீழே புதைந்திருக்கின்றன, அவற்றின் மேல் பட்டை எவ்வளவு தடிமன் என்பதால் முடிவாகிறது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இந்த இடத்தில் பலரும் ஆழமான வேரைப் பற்றிப் பேசுவார்கள். மெஸ்கீட் என்ற முள்மரத்தின் வேர் அரிசோனாவில் டூசான் நகருக்கு அருகே ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் கண்டெடுக்கப்பட்டது, உண்மைதான். ஆனால் மெஸ்கீட் தீக்குப் பிறகு தழைப்பதற்கு அந்த 53 மீட்டர் நேரடிக் காரணம் இல்லை. தரைக்குச் சற்றுக் கீழே, தூரைச் சுற்றி இருக்கும் மொட்டு வரிசைதான் காரணம். ஆழ்வேர், எழுந்த தளிருக்குத் தண்ணீர் கொடுத்து வளர்த்துவிடும், அது அடுத்த கட்டம். சீமைக்கருவேலமும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். அதை வெட்டிப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்: தரைக்கு மேலே எத்தனை முறை வெட்டினாலும் புதர் மாதிரி இன்னும் அடர்ந்து வரும், தூரோடு தோண்டி எடுத்தால்தான் அடங்கும்.

நீங்கள் பார்த்த பச்சை பெரும்பாலும் கேட்கிளா அகேசியாவாகவோ, மொஹாவி யூக்காவாகவோ, எஃபிட்ராவாகவோ இருக்கும். மூன்றும் தூரிலிருந்து துளிர்ப்பவை. கேட்கிளாவை அருகில் குனிந்து பார்த்தால் மறக்க முடியாது. நடுவில் கரியாகி நிற்கும் பழைய தண்டுகள், அவற்றைச் சுற்றிலும் வட்டமாக, மண்ணை விலக்கிக்கொண்டு, சிவப்பும் பச்சையும் கலந்த கொழுந்துகள், ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே அந்தப் பூனை நகம் போன்ற வளைந்த முள் பிஞ்சாக இருக்கும். தீ நடந்த சில வாரங்களிலேயே இப்படித் துளிர்த்ததைப் பார்த்திருக்கிறேன், அதுவும் ஒரு சொட்டு மழை பெய்வதற்கு முன். மேலே இருந்த இலையெல்லாம் போய்விட்டதால் வேருக்குச் செலவு குறைந்துவிட்டது, கையிருப்பில் இருந்த தண்ணீரும் மாவுச்சத்தும் துளிர்விடப் போதுமானதாக இருக்கிறது. அப்புறம் முயல்கள் வரும். சுற்று வட்டாரத்தில் இருக்கும் ஒரே பச்சை அதுதான் என்பதால் வரிசையாக நறுக்கிவிட்டுப் போகும். நுனி சாய்வாக, கத்தியால் சீவியது போல வெட்டுப்பட்டிருந்தால் அது முயலின் வேலை.

கிரியோசோட் புதரின் கதை வேறு. வட அமெரிக்காவின் வெப்பப் பாலைவனங்களில் மிக அதிகம் காணப்படும் புதர் இதுதான், மழை பெய்ததும் வரும் அந்தப் பாலைவன மணத்துக்கு முக்கியக் காரணமும் இதன் இலைப் பிசின்தான். அந்தப் பிசினே இலையிலிருந்து தண்ணீர் போகாமல் தடுக்கிறது, பூச்சியையும் விலக்குகிறது, ஆனால் தீ வந்தால் எண்ணெய் ஊற்றியது போல எரிகிறது. கிரியோசோட்டுக்கும் தூர் உண்டு. லூசெர்ன் பள்ளத்தாக்குக்கு அருகே இருக்கும் 'கிங் குளோன்' என்ற கிரியோசோட் வளையம் சுமார் 11,700 வருடம் பழையது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தூர் பிளந்து வெளிப்பக்கமாகப் புதுத் தண்டு விட, நடுப்பகுதி செத்துக்கொண்டே போக, ஒரே செடி வளையமாக விரிந்துகொண்டே வந்திருக்கிறது. இத்தனை ஆயிரம் வருடம் வறட்சியைத் தாங்கிய ஓர் இனம், ஒரு பிற்பகல் தீயில் சாய்ந்துவிடுகிறது, ஏனென்றால் அதன் மொட்டுகள் மண்மட்டத்துக்கு மிக அருகில், மெல்லிய பட்டைக்குள் இருக்கின்றன. மிதமாக எரிந்தால் ஒரு பகுதி துளிர்க்கும். கடுமையாக எரிந்தால் பெரும்பாலும் போய்விடும். பிளாக்பிரஷ் இன்னும் மோசம், அது அநேகமாகத் துளிர்ப்பதே இல்லை. வடக்கே குளிர்ப் பாலைவனங்களில் இருக்கும் பெரிய சேஜ்பிரஷ்ஷும் அப்படித்தான்: எரிந்தால் செத்தது, விதையிலிருந்து மட்டுமே திரும்ப வரவேண்டும்.

சரி, ஒரே இனத்தில் ஒன்று பிழைத்து இன்னொன்று செத்தது ஏன்? இதில் உறுதியும் ஊகமும் கலந்திருக்கின்றன. புதரின் அடியில் உதிர்ந்து கிடந்த சருகு எவ்வளவு என்பது முக்கியம் என்பது உறுதி. தீ வெட்டவெளியில் சட்டென்று கடந்துவிடும், புதரின் கீழே குவிந்த சருகில் நின்று எரியும், தூருக்கு அதிக நேரம் சூடு படும். காற்று எந்தப் பக்கம் அடித்தது, புதர் சரிவின் மேலே இருந்ததா ஓடைக்கரையில் இருந்ததா, இவையெல்லாமும் பங்கு வகிக்கும். தீ வந்த பருவத்தில் வேரில் எவ்வளவு கையிருப்பு இருந்தது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். வளர்ச்சியில் இருக்கும்போது எரிந்தால் துளிர்ப்பது குறையும் என்பது பல நாட்டுப் புதர்களில் கண்ட விஷயம். பாலைவனத்தில் தீயும் வறட்சியும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம். என் கட்டங்களிலேயே, காகிதத்தில் எல்லா விதத்திலும் ஒன்றுபோல் இருந்த இரண்டு செடிகளில் ஒன்று வந்து ஒன்று வராமல் போயிருக்கிறது.

விதை பற்றி. தீயின் சூட்டையும் புகையையும் கண்டுதான் முளைக்கும் விதைகள் உலகில் நிறைய உண்டு. புகையில் இருந்து விதையை எழுப்பும் ஒரு வேதிப்பொருளை 2004இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் கண்டார்கள். அந்த நாட்டின் உள்பகுதியில் வளரும் முல்கா அகேசியாவைப் பெரும்பாலும் தீ கொன்றுவிடும், ஆனால் மண்ணில் கிடக்கும் அதன் கெட்டித்தோல் விதைகள் சூடு பட்டதும் தோல் விரிந்து முளைக்கும். முளைத்தவை காய்க்கும் வயதை எட்டுவதற்குள் இன்னொரு தீ வந்தால் கதை முடிந்தது. அங்கே தீயும் செடியும் நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தவை. 1974-75இல், நல்ல மழை வருடங்களுக்குப் பிறகு, அந்தக் கண்டத்தின் சுமார் 15 சதவீத நிலம் எரிந்தது. அந்த அனுபவத்தை எடுத்து மொஹாவிக்குப் பொருத்தக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். மொஹாவியின் முக்கியப் புதர்களின் விதைகள் தீக்காகக் காத்திருப்பதில்லை. அதுவும் விதைகள் அதிகம் சேர்ந்து கிடப்பது புதரின் நிழலில், அதாவது தீ மிகக் கடுமையாக எரியும் அதே இடத்தில்.

பிழைக்கும் விதைகளில் ஒரு பங்கு கங்காரு எலிகள் புதைத்து வைத்தவை. பிளாக்பிரஷ் சில வருடங்களில் ஒரேயடியாகக் காய்த்துக் கொட்டும், எலிகள் அந்த விதைகளைத் தூக்கிப்போய் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் சிறு சிறு குவியலாகப் புதைக்கும், சிலவற்றைத் திரும்ப எடுக்காமல் விட்டுவிடும். ஒரு விரலளவு இடத்தில் பத்துப் பன்னிரண்டு நாற்றுகள் கொத்தாகத் தலைநீட்டினால், அது மறந்துபோன எலிக்கிடங்கு என்று தெரிந்துகொள்ளலாம். பாலைவனத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. ஆனால் பிளாக்பிரஷ் விதைகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருப்பதில்லை, எலி அவற்றை வெகுதூரம் கொண்டு போவதும் இல்லை. எரிந்த பரப்பு பெரிதாக இருந்தால் நடுவில் விதை வந்து சேரவே வழியில்லை. பல பத்தாண்டுகளுக்கு முன் எரிந்த பிளாக்பிரஷ் நிலங்களில் இன்னும் அந்தச் செடி திரும்பாத இடங்கள் இருக்கின்றன.

வெறும் நிலத்தில் முதலில் வருபவர்கள் வேறு. ஆரஞ்சு நிறப் பூக்கள் பூக்கும் குளோப்மேலோ, பிரிட்டில்புஷ், இப்படிச் சீக்கிரம் விதைத்துச் சீக்கிரம் வளரும் சிறு செடிகள். இரண்டு மூன்று வருடத்தில் நல்ல மழை பெய்தால் சரிவு முழுக்கப் பூத்து நிற்கும், பார்ப்பவர்கள் மீண்டுவிட்டது என்று நினைப்பார்கள். செடிகள் தரையை மூடியிருக்கும் அளவைப் பார்த்தால், சில பத்தாண்டுகளில் பழைய நிலையை நெருங்குவது உண்டு. பழைய இனங்கள் பழைய விகிதத்தில் திரும்பி வருவது என்று பார்த்தால் நூறு வருடத்துக்கு மேலேயும் ஆகலாம். உங்கள் கேள்வியில் இருந்த "தானாகச் சரியாகிவிடுமா" என்பதற்கு நேர்மையான பதில் இதுதான்: ஆகும், இன்னொரு முறை எரியாமல் இருந்தால், நம் ஆயுளைத் தாண்டிய ஒரு காலக் கணக்கில்.

இன்னொரு முறை எரியாமல் இருப்பதுதான் இப்போது கடினமாகிவிட்டது. மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து வந்த சிவப்பு புரோம் என்ற புல் மொஹாவியிலும், சீட்கிராஸ் என்ற அதன் நெருங்கிய இனம் வடக்கேயும் பரவிவிட்டன. மழை நன்றாகப் பெய்த குளிர்காலத்துக்குப் பிறகு புதர்களுக்கு இடையே இருந்த அந்த வெறும் மண்ணை இவை பாய் விரித்தது போல நிரப்பிவிடும். மண்ணின் சொந்த ஒருபருவச் செடிகள் காய்ந்ததும் நொறுங்கிப் போய்விடும், இந்தப் புல் காய்ந்தபின்னும் நின்றபடியே இருக்கும், அடுத்த வருடம் வரைகூட. மின்னலோ, வண்டியிலிருந்து தெறித்த ஒரு பொறியோ, அது போதும். எரிந்த பிறகு முதலில் அடர்ந்து வருவதும் அதே புல்தான், அது அடுத்த தீக்கு விறகு. 2004-05 குளிர்கால மழைக்குப் பிறகு 2005இல் மொஹாவி தேசியக் காப்பகத்தில் ஹேக்பெரி என்று பெயரிடப்பட்ட தீ சுமார் 70,000 ஏக்கரை எரித்தது. சொனோராவில் இதே வேலையைச் செய்வது பஃபெல் புல். தமிழில் கொழுக்கட்டைப் புல் என்பது இதைத்தான், ஆடுமாடுகளுக்கு நல்ல தீவனம். அந்தக் குணத்துக்காகவே மேய்ச்சலுக்கென்று அங்கே கொண்டு வந்தார்கள், இப்போது சகுவாரோ கள்ளிகளுக்கு நடுவே மண்டிக் கிடக்கிறது. துளிர்க்கும் புதர்களைக்கூட அடுத்தடுத்த தீ தோற்கடித்துவிடும். ஒருமுறை துளிர்க்க வேரின் கையிருப்பைச் செலவழித்த செடி, அதை மறுபடி நிரப்புவதற்குள் இரண்டாம் முறை எரிந்தால் எதை வைத்து எழும்?

துளிர்விட்டதைப் பார்த்து உடனே நிம்மதி அடைய வேண்டாம் என்பதற்கு ஜோஷுவா மரம் நல்ல உதாரணம். புதர் இல்லைதான், ஆனால் அதுவும் அடியிலிருந்து துளிர்க்கும். 1999இல் ஜோஷுவா மரத் தேசியப் பூங்காவில் எரிந்த மரங்களைத் தொடர்ந்து கவனித்தபோது ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் செத்துவிட்டன. பக்கத்தில் எரியாத இடத்தில் செத்தது 26 சதவீதம். அந்த ஐந்து வருடத்தில் கடும் வறட்சி வேறு, பசியில் எலி வகைகள் பட்டையைக் கடித்தன. தீயில் தப்பியது தீக்குப் பின்னால் வந்ததில் தப்பவில்லை. மொஹாவி தேசியக் காப்பகத்தில் 2020 ஆகஸ்டில் மின்னலால் பிடித்த டோம் தீ 43,000 ஏக்கருக்கு மேல் எரித்தது, செத்த ஜோஷுவா மரங்கள் சுமார் 13 லட்சம் என்று மதிப்பீடு. 2023இல் யார்க் தீ அதே காப்பகத்தில் சுமார் 93,000 ஏக்கர். டோம் தீ எரித்த இடத்தில் தன்னார்வலர்கள் கன்று நட்டார்கள், அவற்றைச் சுமந்துபோக ஒட்டகங்களைக்கூடப் பயன்படுத்தினார்கள். ஜோஷுவா நாற்று இயல்பாக ஒரு புதரின் நிழலில்தான் தப்பி வளரும். புதரே இல்லாத இடத்தில் கம்பிக்கூண்டுதான் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

இனி, நீங்கள் என்ன செய்யலாம் என்பது. எட்டு மாதத்தில் துளிர் இல்லை என்பதற்காக எதையும் செத்ததாக எழுதிவிடாதீர்கள், இரண்டு மழைப் பருவமாவது போகட்டும். சந்தேகமாக இருந்தால் மண்மட்டத்தில் கொஞ்சம் மண்ணை விலக்கி, பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரமாக, வெளிர்பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்து பழுப்பாக இருந்தால் அந்தத் தண்டு போய்விட்டது, ஆனால் தூரின் மறுபக்கம் உயிரோடு இருக்கலாம், அதனால் ஒரு இடத்தில் சுரண்டி முடிவு செய்ய வேண்டாம். ஆனால் ஒவ்வொரு சுரண்டலும் மிகச் சிறியதாக இருக்கட்டும், காயம் பெரிதானால் நாமே அதைக் கொன்றதாகிவிடும். கருகிய எலும்புக்கூடுகளைச் சுத்தம் செய்கிறேன் என்று பிடுங்காதீர்கள். அவை காற்றில் வரும் விதையைத் தடுத்து நிறுத்துகின்றன, கொஞ்சம் நிழல் தருகின்றன, மண்ணைப் பிடித்து வைக்கின்றன. புதர்களுக்கு நடுவில் கறுப்பாக, மேடுபள்ளமாக, பொருக்குத் தட்டியது போல மண் இருந்தால் அதில் கால் வைக்காதீர்கள். பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து உருவாக்கிய மேற்தோல் அது, ஒரு மிதி பட்டாலே உடையும், திரும்ப உருவாக வருடக்கணக்காகும்.

விதை வாங்கித் தூவலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். என் அனுபவத்தில் வெறுமனே மேலே தூவிய விதையில் பெரும்பகுதி எறும்புக்கும் எலிக்கும்தான் போகிறது, மழை சரியாக அமைந்த வருடத்தில் மட்டும் கொஞ்சம் பலன் கிடைத்திருக்கிறது. எங்கிருந்தோ எடுத்த விதை அந்த இடத்துக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. காப்பகத்தைப் பராமரிப்பவர்களிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். உழைக்கத் தயாராக இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: புல் பிடுங்கும் குழு இருந்தால் சேருங்கள். குளிர்கால மழைக்குப் பிறகு, சிவப்பு புரோம் கதிர் விட்டு விதை உதிர்ப்பதற்கு முன், அது பச்சையாக இருக்கும்போதே வேரோடு எடுக்க வேண்டும். ஒரு மலைச்சரிவு முழுக்க முடியாது. ஆனால் துளிர்விட்ட ஒரு கேட்கிளாவைச் சுற்றி, எரியாமல் தப்பிய ஒரு பிளாக்பிரஷ் திட்டைச் சுற்றி எடுக்க முடியும். விதை பரவப் போவது அந்தத் தப்பிய திட்டுகளிலிருந்துதான், அதனால் நீங்கள் பார்த்த சரிவில் எரியாமல் விட்டுப்போன மூலைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அடுத்த முறை போகும்போது முதலில் குறித்து வாருங்கள்.